காலேஜ் அணியில் ஆடிக்கொண்டே அரியர் இல்லாமல் படிக்க: சேலம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் பாடம் எடுக்கிறேன். படித்த காலத்தில் கல்லூரி வாலிபால் அணியில் ஆடியவன். அதனால் அட்மிஷன் முடிந்த கையோடு ஓமலூர், ஆத்தூர், எடப்பாடி, ஏற்காடு என்று பல பக்கமிருந்தும் வரும் விளையாட்டுப் பிள்ளைகள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பார்கள். கேள்விகள் வருஷா வருஷம் பெரும்பாலும் ஒன்றுதான். பெற்றோர் கேட்பதும் அதில் உண்டு. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கிரவுண்டுக்கும் கிளாசுக்கும் ஒரு நாளை எப்படிப் பங்கு போடுவது, சார்?

ஒரு நாளைப் பங்கு போடாதீர்கள். எல்லோரும் முதலில் செய்வது அதுதான், இரண்டே வாரத்தில் கைவிட்டுப் போவதும் அதுதான். காலையில் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு, மாலையில் மறுபடி ஆடிவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் புத்தகத்தை எடுத்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். உங்களுக்குச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உடம்பு கேட்கிற ஓய்வு அது.

பங்கு போட வேண்டியது செமஸ்டரை. ஒற்றைப்படை செமஸ்டர் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ சூடு பிடித்து நவம்பர் தேர்வோடு முடிகிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் பெரும்பாலும் ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் வந்துவிடும். பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டக் கல்லூரிகள் இருக்கின்றன, எனவே போட்டி எந்த ஊரிலும் நடக்கலாம். அங்கே நன்றாக ஆடி பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தென்மண்டலப் போட்டி பல சமயம் செமஸ்டர் தேர்வை ஒட்டியே வந்து நிற்கும்.

அப்படியானால் உங்கள் கையில் முழுசாக இருப்பது ஜூலை மாதம். ஒரு பாடத்துக்கு ஐந்து யூனிட் என்றால் முதல் இரண்டு யூனிட்டை ஜூலைக்குள் படித்து, குறிப்பு எழுதி, மூடி வைத்துவிடுங்கள். வகுப்பில் ஆசிரியர் இன்னும் முதல் யூனிட்டிலேயே இருப்பார், பரவாயில்லை. சீனியரிடம் பழைய நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் செப்டம்பரில் பந்தை மட்டும் பார்க்கலாம், மனசு உறுத்தாது. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பயிற்சி நேரத்தைப் பாதியாக்குங்கள். வேகத்தைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் குறைத்தால் சில வாரங்களில் உடல் தகுதி பெரிதாக இறங்கிவிடாது. இதை உங்கள் பி.டி. சாரிடம் சொல்லிப் பாருங்கள், அவரும் ஆமாம் என்பார்.

ஒரு மாதம் விளையாட்டு முன்னே போகும், ஒரு மாதம் படிப்பு முன்னே போகும். எந்த மாதம் எது என்பதை நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தால் போதும்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தால் படிப்புக்கு ஆபத்தில்லை?

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு இதற்கு விதியே வைத்திருக்கிறது. போட்டிக் காலத்தில் ஒரு நாளைக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 20 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. போட்டி இல்லாத காலத்தில் வாரம் 8 மணி நேரம்தான். நம் பக்கம் அப்படி எழுதிவைத்த வரம்பை நான் எந்தக் கல்லூரியிலும் பார்த்ததில்லை. நீங்களே கூட்டிப் பாருங்கள்: காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் என்றால் 24 மணி நேரம். ஆத்தூரிலிருந்தோ மேட்டூரிலிருந்தோ பஸ்ஸில் வந்து போகிற பிள்ளைக்கு அதன்மேல் பிரயாணம் வேறு. 20 என்பதை மேல்வரம்பாக வைத்துக்கொண்டு, அதைத் தாண்டும் வாரங்களை எண்ணி வையுங்கள். தொடர்ந்து மூன்று நான்கு வாரம் தாண்டினால் இன்டர்னல் மதிப்பெண்ணில் தெரிந்துவிடும்.

ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்குவதில் எப்போதும் சிக்கல் வருகிறது. சரியான முறை என்ன?

இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். நல்ல ஆட்டக்காரர்கள் தடுக்கி விழுவது பாடத்தில் அல்ல, இந்தக் காகிதத்தில்தான்.

ஓ.டி. என்பது நீங்கள் ஊரில் இல்லாத நாளைக் கல்லூரி வேலையாக எழுதிக்கொள்வது. அதற்கு மூன்று காகிதம் வேண்டும். முதலாவது, போட்டி நடத்துகிறவர்கள் அனுப்பிய அழைப்புக் கடிதம். இரண்டாவது, உடற்கல்வி இயக்குநர் கையெழுத்திட்ட அணிப் பட்டியல். அதில் உங்கள் பெயர், பதிவு எண், வகுப்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது இருக்க வேண்டும். மூன்றாவது, திரும்பி வந்த பிறகு பங்கேற்புச் சான்றிதழின் ஜெராக்ஸ். முதல் இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து, கிளாஸ் இன்சார்ஜ், துறைத் தலைவர், முதல்வர் என்று வரிசையாகக் கையெழுத்து வாங்குவது வழக்கம். வரிசை கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். கிளம்புவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். முடிந்ததும் அந்தக் கடிதத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்து உங்கள் ஃபைலில் வையுங்கள், ஃபோனிலும் ஒரு படம் இருக்கட்டும். அலுவலகத்தில் தாள் எங்கேயோ போய்விட்டது என்று அக்டோபரில் சொல்வார்கள். அன்றைக்கு அந்தப் படம்தான் பேசும்.

பிரயாண நாளை மறந்துவிடாதீர்கள். போட்டி மூன்று நாள் என்று கடிதத்தில் இருக்கும். நீங்கள் போக ஒரு நாள், வர ஒரு நாள் ஆகியிருக்கும். அந்த இரண்டு நாளையும் பட்டியலிலேயே எழுதச் சொல்லுங்கள். பின்னால் போய்க் கேட்டால் ஆப்சென்ட்தான் மிஞ்சும்.

அப்புறம், கல்லூரியோ பல்கலைக்கழகமோ அனுப்பும் போட்டிக்குத்தான் ஓ.டி. சுலபமாகக் கிடைக்கும். ஊர்த் திருவிழாவில் நடக்கும் கபடி டோர்னமென்ட்டுக்கும் கிளப் அணிக்கு ஆடப் போனதற்கும் ஓ.டி. கேட்காதீர்கள். பரிசுத் தொகை பெரியதாக இருந்தாலும் அது உங்கள் சொந்த விடுப்பில்தான் சேரும்.

அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் என்கிறார்கள். எத்தனை நாள் போகாமல் இருக்கலாம்?

செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 68 நாளாவது வகுப்பில் இருக்க வேண்டும். மிச்சம் 22 நாள். கேட்கும்போது நிறைய இருக்கிற மாதிரித் தோன்றும். ஒரு காய்ச்சல், தம்பிக்குக் காதுகுத்து, ஊரில் மாரியம்மன் பண்டிகை, ஆடி மாதம் சேலத்தில் நடக்கும் கோட்டை மாரியம்மன் விழா, நண்பர்களோடு ஏற்காடு என்று பத்து நாள் சத்தமில்லாமல் போய்விடும். அந்த 22 நாளைத் தொடாமல் வையுங்கள். ஓ.டி. நிராகரிக்கப்பட்டாலோ காலில் அடிபட்டாலோ காப்பாற்றப் போவது அதுதான்.

இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழக விதியில் ஒரு வழி இருக்கிறது. 65 முதல் 75 சதவீதத்துக்குள் அட்டெண்டன்ஸ் இருந்தால், மருத்துவக் காரணத்துக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ உரிய சான்று கொடுத்துத் தேர்வு எழுத அனுமதி பெறலாம். 65க்குக் கீழே இறங்கினால் அந்தக் கதவும் இல்லை. கலை அறிவியல் கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் கையேட்டில் உள்ள விதியை முதல் வாரத்திலேயே படித்துவிடுங்கள்.

போட்டிக்குப் போன நேரத்தில் இன்டர்னல் டெஸ்ட் வந்துவிட்டால்?

போவதற்கு முன்பே அந்தந்தப் பாட ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். வகுப்பு நண்பனிடம் சொல்லி அனுப்பாதீர்கள், வாட்ஸப்பில் ஒரு வரி போட்டுவிட்டுப் போகாதீர்கள். "சார், 14ஆம் தேதியிலிருந்து 18 வரை மேட்ச். 16ஆம் தேதி டெஸ்ட் இருக்கிறது. 20ஆம் தேதி எழுதித் தரட்டுமா?" இவ்வளவு போதும். ஆசிரியராக இருந்து சொல்கிறேன்: முன்பே வந்து தேதியோடு கேட்கும் பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல எங்களுக்கு மனசு வராது. முடிந்த பிறகு வந்து நிற்கும் பிள்ளைக்கு உதவ நினைத்தாலும் மார்க் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

கலை அறிவியல் பாடங்களில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75 என்பது வழக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரிப் பாடத்துக்கு இன்டர்னல் 40, தேர்வு 60. நாற்பது மதிப்பெண் கல்லூரிக்குள்ளேயே இருக்கும்போது அதைக் கோட்டை விட்டு, தேர்வில் சரிக்கட்டுவது கஷ்டம். லேப் இருப்பவர்கள் ரெக்கார்டு நோட்டை அன்றன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். செமஸ்டர் கடைசியில் பன்னிரண்டு எக்ஸ்பெரிமென்ட்டை ஒரே இரவில் எழுதிய கையோடு மறுநாள் பந்து வீசிய பையன்களைப் பார்த்திருக்கிறேன். தோள் வலி வராமல் என்ன செய்யும்?

ஒரு ஆசிரியர், "ஆடப் போறவனுக்கு எதுக்குப் படிப்பு" என்று எல்லோர் முன்பும் சொல்லிவிட்டார். என்ன செய்வது?

வகுப்பில் பதில் பேச வேண்டாம். வகுப்பு முடிந்ததும் தனியாகப் போய்ப் பாருங்கள். "எந்த யூனிட்டில் பின்தங்கி இருக்கிறேன் சார், எதை முதலில் முடிக்கட்டும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு மாறும். மாறாவிட்டால் உடற்கல்வி இயக்குநரைக் கூட்டிக்கொண்டு துறைத் தலைவரைப் பாருங்கள். அந்தச் சொல்லுக்காக ஆட்டத்தையும் விடாதீர்கள், அந்தப் பாடத்தையும் விடாதீர்கள்.

பஸ்ஸிலும் ரயிலிலும் படிக்க முடியுமா?

ரயிலில் முடியும். சேலம் ஜங்ஷனில் ஏறினால் கேரளாவுக்கோ ஆந்திராவுக்கோ போட்டிக்குப் போக இரவு முழுக்க நேரம் இருக்கும். ஆனால் தடிமனான புத்தகத்தை எடுத்துப் போகாதீர்கள், யாரும் பிரிப்பதில்லை. ஒரு யூனிட்டை ஐந்தாறு அட்டையில் கேள்வி முன்பக்கம், பதில் பின்பக்கம் என்று எழுதி எடுத்துப் போங்கள். அணியில் ஒரே துறைக்காரர் இருவர் இருந்தால் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளலாம்.

பஸ்ஸில், அதுவும் மலைப்பாதையில், படித்தால் குமட்டும். அங்கே காதால் படிக்க வேண்டும். தாரமங்கலம் பக்கமிருந்து வந்த ஒரு கபடி மாணவி செய்ததைச் சொல்கிறேன். நிறுமச் சட்டத்தின் ஒவ்வொரு பதிலையும் தன் குரலிலேயே ஃபோனில் பதிவு செய்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் மூன்று நான்கு நிமிஷம். முதலில் கேள்வியைச் சொல்வாள், பிறகு கொஞ்சம் இடைவெளி விடுவாள், அந்த இடைவெளியில் தானே மனசுக்குள் பதிலைச் சொல்லிப் பார்க்க வேண்டும், அப்புறம் பதிவில் பதில் வரும். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே ஒரு யூனிட்டை முடித்துவிடுவாள். சும்மா திரும்பத் திரும்பக் கேட்பதைவிட அந்த இடைவெளிதான் வேலை செய்தது. தானே நினைவுக்குக் கொண்டுவந்து பார்ப்பது மறுபடி வாசிப்பதைவிட மனதில் நிற்கும் என்பது கற்றல் ஆராய்ச்சிகளில் நன்றாக நிலைத்த விஷயம்.

படித்தது எல்லாம் தெரிகிறது, ஆனால் தேர்வில் நேரம் போதவில்லை.

விளையாட்டுப் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்க்கும் குறை இது. அறிவில் குறையில்லை, எழுதிப் பழக்கம் விட்டுப்போய்விடுகிறது. மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதுவது தனிப் பயிற்சி. இரண்டு மாதம் பேனா பிடிக்காமல் மைதானத்தில் இருந்துவிட்டு வந்தால் ஒன்றரை மணி நேரத்தில் கை சோர்ந்துவிடும், கடைசி இரண்டு பெரிய கேள்வி அரைகுறையாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள்தானே? அன்றைக்கு ஒரே ஒரு பத்து மதிப்பெண் கேள்வியை எடுத்து, கடிகாரம் வைத்து இருபது நிமிஷத்தில் எழுதி முடியுங்கள். போட்டிக் காலத்திலும் இதை விட வேண்டாம்.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு நிக்கிறான். பந்து சோறு போடுமா?" (ஒரு அம்மா கேட்டது)

நியாயமான கேள்விங்க அம்மா. நேராகவே பதில் சொல்கிறேன். பந்து தனியாகச் சோறு போடுவது மிகச் சிலருக்கு. பந்தும் பட்டமும் சேர்ந்தால் வேலை கிடைக்கும் வாய்ப்பு நிறைய இருக்கிறது.

தமிழ்நாடு அரசு வேலைகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே ஒவ்வொரு வருஷமும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறது. நம் சேலமே 2007 முதல் தென்னக ரயில்வேயின் ஒரு கோட்டத் தலைமையிடம். வருமான வரித் துறை, அஞ்சல் துறை, காவல் துறை என்று வாய்ப்புகள் நீளும். ஆனால் எல்லாவற்றிலும் கல்வித் தகுதி கேட்பார்கள். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டிலேயே பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு நிலை வேலை, பட்டம் முடித்தவருக்கு அதற்கு மேல் நிலை வேலை. ஆட்டத்தில் இரண்டு பேரும் ஒன்றாக இருந்து, ஒருவனுக்கு அரியர் நிற்கிறது என்றால் கீழே நிற்பவன் அவன்தான். அதனால் பையனை ஆட வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அரியர் வைக்காமல் ஆடு என்று சொல்லுங்கள்.

நம்ம மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை உங்களுக்கே தெரியும். அவர் அம்மா காய்கறி விற்றுக் குடும்பத்தை நடத்தியவர். மாரியப்பன் சேலத்தில் பி.பி.ஏ. படித்தவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். படிப்பு அவர் தாண்டுவதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியாவுக்கு ஆடினார். நானும் காலேஜை விட்டுவிட்டு முழுநேரம் கிரிக்கெட் ஆடட்டுமா?

வேண்டாம் தம்பி. நடராஜன் இந்திய அணிக்கு முதலில் ஆடியது 2020 டிசம்பரில், 29 வயதில். டென்னிஸ் பந்தில் தொடங்கி அங்கே போய்ச் சேர எத்தனை வருஷக் காத்திருப்பு என்று எண்ணிப் பார். அந்த வருஷங்களில் வீட்டுக்குச் சுமையாக இல்லாமல் இருக்க ஒரு பட்டம் துணைக்கு வேண்டும். இன்னொன்று, பல்கலைக்கழக அணிக்கு ஆட வேண்டுமென்றால் நீ முழுநேர மாணவனாக இருக்க வேண்டும், 25 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. காலேஜை விட்டால் இந்த மேடை போய்விடும். மத்திய அரசு நடத்தும் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுக்கும் அதே கதைதான்.

ஹாஸ்டல் சாப்பாட்டில் உடம்பு தேறுமா? புரோட்டீன் பவுடர் வாங்கட்டுமா?

கடினமாகப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் தேவை. 60 கிலோ எடை என்றால் 72 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் அதே அளவு, ஒரு பெரிய கைப்பிடி நிலக்கடலையில் 12 கிராம், 30 கிராம் மீல் மேக்கரில் 15 கிராம். மூன்று முட்டை, இரண்டு டம்ளர் பால், கடலை, மீல் மேக்கர், கொஞ்சம் சுண்டல் இருந்தால் ஹாஸ்டல் இட்லி சோறு பருப்போடு சேர்ந்து அளவு எட்டிவிடும். பவுடர் டப்பா விலையில் பல வாரம் முட்டை வாங்கலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறதே, அதை உடம்புக்கே செலவு செய்யுங்கள்.

மாதவிடாய் நாளில் பயிற்சி செய்யலாமா? எப்போதும் சோர்வாக இருக்கிறது.

உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாகச் செய்யலாம், எந்தக் கெடுதலும் இல்லை. வலி அதிகமாக இருக்கும் நாளில் லேசான ஓட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதைப் பயிற்சியாளரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. ஆண் பயிற்சியாளரிடம் தயக்கமாக இருந்தால் அணித் தலைவி மூலம் சொல்லலாம்.

மாதம் முழுக்கச் சோர்வு என்றால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. அந்த நிலையில் வகுப்பில் மனம் நிற்காது, மைதானத்தில் மூச்சு தாங்காது. சோம்பலாக இருக்கிறாள் என்று வீட்டில் திட்டு வாங்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு உண்மையில் இரும்புச் சத்துதான் குறைவு. முருங்கைக்கீரை, கறி, ஈரல், பேரீச்சை எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருக்கட்டும். சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீர்கள், இரும்புச் சத்து உடலில் சேர்வதை அது தடுக்கும். மாத்திரை எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

அதே அளவு முக்கியம், மாதவிடாய் தொடர்ந்து சில மாதம் வராமல் இருப்பது. பயிற்சி நன்றாகப் போகிறது என்பதற்கு அது அடையாளமில்லை. சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிறது. உடனே பெண் மருத்துவரைப் பாருங்கள்.

ஏற்காட்டில் ஓடினால் ஸ்டாமினா கூடும் என்கிறார்களே?

பாதி உண்மை. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ரத்தத்தில் சிவப்பணு கூட வேண்டும் என்று வெளிநாட்டு வீரர்கள் மலைக்குப் போகும்போது பொதுவாக 2000 மீட்டருக்கு மேல், மூன்று வாரமாவது அங்கேயே தங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஏறி இறங்குவதால் அந்தப் பலன் வராது.

ஆனால் ஏற்காட்டில் வேறு இரண்டு நன்மை இருக்கிறது. ஒன்று குளிர்ச்சி. ஏப்ரலில் சேலத்தில் காலை எட்டு மணிக்கே வெயில் சுடும். மேலே அதே நேரத்தில் நீண்ட ஓட்டம் ஓடலாம். இன்னொன்று ஏற்றம். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை அது, தொடைக்கும் மூச்சுக்கும் நல்ல வேலை கொடுக்கும். ஏறுங்கள், ஆனால் இறங்கும்போது பஸ்ஸில் வாருங்கள். இறக்கத்தில் ஓடும்போது தொடையின் முன்தசை நீண்டபடியே பாரம் தாங்குகிறது, தசை இழைகள் கிழிவது அப்போதுதான். மறுநாள் படிக்கட்டு இறங்க முடியாது. தேர்வு வாரத்திலோ போட்டிக்கு முந்தைய வாரத்திலோ இந்த ஆசை வேண்டாம். மூடுபனி இறங்கும் நேரத்தில் வளைவுகளில் வண்டிக்காரருக்கு ஆள் தெரியாது. விடியற்காலையில் காட்டெருமை ரோட்டைக் கடக்கும், அதன் அருகே போய்ப் படம் எடுக்க நிற்காதீர்கள். குழுவாகப் போங்கள், பளிச்சென்ற சட்டை போடுங்கள். ஊருக்குள் ஏரியைச் சுற்றி ஓடுவது இதைவிடப் பத்திரம்.

மலைக் கிராமங்களிலிருந்து கீழே வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருப்பதால் மாலைப் பயிற்சியில் பாதியில் கிளம்புவீர்கள். அதை முதல் நாளே பி.டி. சாரிடம் சொல்லிவிடுங்கள். காலையில் ஊரிலேயே ஓடிவிட்டு வர ஒரு திட்டம் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு ஏற்றம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

கணுக்கால் பிசகிவிட்டது. ஊரில் சுளுக்கு எடுப்பவரிடம் போகலாமா?

உடனே போகாதீர்கள். முதல் இரண்டு நாள் தேய்க்கவோ நீவவோ கூடாது, வீக்கம் கூடும். ஐஸைத் துணியில் சுற்றி வைத்து, கிரேப் பேண்டேஜ் கட்டி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, எலும்பின் மேல் தொட்டால் உயிர் போகிறது என்றாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவு இருக்கிறது. சீட்டை வாங்கி ஃபைலில் வையுங்கள், அட்டெண்டன்ஸுக்கும் அது வேண்டும். கால் கட்டோடு இருக்கும் வாரங்களில் பாக்கி யூனிட்டுகளை முடித்துவிடலாம்.

இருமலுக்கு மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் குடித்தால் டோப் டெஸ்டில் (ஊக்கமருந்துச் சோதனையில்) மாட்டுமா?

மாட்டலாம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சில இருமல் சிரப்புகளில் டெர்பியூட்டலின் இருக்கிறது. அது எல்லா நேரமும் தடை செய்யப்பட்ட மருந்துப் பட்டியலில் உள்ளது. மூக்கடைப்பு மாத்திரையில் வரும் சூடோஎஃபிட்ரின் போட்டி நேரத்தில் அளவுக்கு மேல் இருந்தால் தடை. தெரியாமல் குடித்தேன் என்பது விதிப்படி விடுதலை தராது. உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு வீரரே பொறுப்பு. கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகளில் தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான நாடா சோதனைக்கு மாதிரி எடுக்கிறது. டாக்டரிடம் போகும்போது முதல் வார்த்தையே "நான் பல்கலைக்கழக அணியில் ஆடுகிறேன்" என்று இருக்கட்டும். ஜிம்மில் யாரோ கொடுக்கும் ஊசியைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை: தொடவே தொடாதீர்கள்.

தூக்கத்தைக் குறைத்துப் படிக்கலாமா?

கூடாது. படித்தது மனதில் படிவதும் தசை தேறுவதும் தூக்கத்தில்தான். எட்டு மணி நேரம் வேண்டும். காலை ஐந்துக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பது மணிக்கு ஃபோனை வைத்துவிடுங்கள்.

தோற்றுவிட்டு வந்த மறுநாளே டெஸ்ட். மனசு ஒட்டவில்லை.

அன்றைக்கு பாஸ் ஆகிற அளவுக்குப் படியுங்கள், போதும். டெஸ்டுக்குப் போகாமல் மட்டும் இருக்காதீர்கள்.

நான் மாற்றுத்திறனாளி. எனக்கு என்ன போட்டிகள் இருக்கின்றன?

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. காந்தி ஸ்டேடியத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். மேலே போகும்போது பயணச் செலவு, கருவிகளுக்கு உதவி வேண்டுமென்றால் 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். இந்த உதவி எல்லா வீரர்களுக்கும் பொது.

கடைசி வருஷம் படிக்கிறேன். டி.சி. வாங்குவதற்கு முன் என்ன செய்து வைக்க வேண்டும்?

பல்கலைக்கழக அணிக்கு ஆடியிருந்தால் படிவம் 3 வாங்கிவிடுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குப் போட்டியில் கொடுத்த வண்ணச் சான்றிதழ் மட்டும் போதாது. சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, பள்ளி தேசியப் போட்டிக்குப் படிவம் 4. படிவம் 3இல் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி கையெழுத்திட வேண்டும். பெயரில் உள்ள இனிஷியல் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பது போலவே இருக்கிறதா, போட்டி நடந்த தேதியும் ஊரும் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பங்கேற்பு போதுமா, பதக்கம் வேண்டுமா என்பது வேலை அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். எனவே ஆடிய ஒவ்வொரு போட்டிக்கும் தனித்தனியாக வாங்குங்கள். பட்டமளிப்பு விழாவுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். அதற்குள் அதிகாரி மாறியிருப்பார், பழைய பதிவேட்டைத் தேடி எடுக்கவே பலமுறை பல்கலைக்கழகம் இருக்கும் கருப்பூர் வரை அலைய வேண்டியிருக்கும்.